ஆல்டோ வரிசையில் கடைசி நாற்காலி

சபையில் அவளை எல்லோரும் ஆல்டோம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவள் கணவர். அவரும் கோபம் வந்தால்தான். ஆல்டோ என்றால் பாடகர் குழுவில் பெண்களின் தாழ்ந்த குரல். மெட்டையெல்லாம் மேல்குரல்காரர்கள் வாரிக்கொண்டு போய்விடுவார்கள். ஆல்டோக்காரர்களுக்கு நாலைந்து சுரங்களுக்குள்ளேயே போய்ப் போய்த் திரும்புகிற வேலை. "நாங்க பாடறது யாருக்கும் கேக்காது. நிறுத்தினா மட்டும் எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

எண்பத்தொரு வயதில் அவள் போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்த வாரம், அவளுடைய மகன் தன் கண்ணாடிக் கடையைத் திறந்து, வந்தவர்களுக்கு எழுத்துப் பலகையைக் காட்டி "இது தெரியுதா, இது தெரியுதா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவனும் அவன்தான், பாடகர் குழுவை நடத்துபவனும் அவன்தான். ஊருக்கு அவன் மாஸ்டர். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பேசி வைத்துக்கொண்டதுபோல, "கொடுத்து வச்சவங்க, உங்கள மாதிரி ஒரு பிள்ளை" என்றார்கள். அவனுக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது.

அவள் இருபது வயதில் கல்யாணமாகி வந்த வீடு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. கணவர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். நாள் முழுக்க ஈய எழுத்துகளைத் தலைகீழாக வாசித்துவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டில் பேச வாய் வராது. ஆலயத்துக்குள்ளும் வரமாட்டார். வாசல் வரை அவளைக் கொண்டு வந்து விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை வெளியே மதிலோரம் நின்று புகைத்துக்கொண்டிருப்பார். உள்ளே இழுத்துவர அவள் முயன்றதும் இல்லை. "மதில் பக்கத்து ஜன்னல் தொறந்துதான் இருக்கு. எங்க ஆல்டோ அவருக்குத்தான் நல்லா கேக்கும்" என்பாள்.

வீட்டில் பேச்சில்லாத குறையை அவள் பாட்டால் அடைத்தாள். பாத்திரம் தேய்க்கும்போது, துணி அலசும்போது, இஸ்திரி போடும்போது, எந்நேரமும் பாட்டு. அத்தனையும் ஆல்டோ. மெட்டில்லாமல் அதை மட்டும் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. யாரோ எதையோ தேடிக்கொண்டே முணுமுணுப்பது மாதிரி இருக்கும். கீழே சைக்கிள் கடைக்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல் மாடியைப் பார்த்துக் கேட்டே விட்டார்.

"ஏம்மா, எப்பவும் பாதிப் பாட்டாவே பாடறீங்களே, மீதி தெரியாதா?"

"மீதி கோயில்ல இருக்குண்ணே. ஞாயித்துக்கிழமை வாங்க, சேத்துக் கேக்கலாம்."

பிள்ளைகள் இரண்டும் அந்தப் பாதிப் பாட்டில்தான் வளர்ந்தன. மூத்தவள் பெண், அடுத்தவன் இவன். ஞாயிறு பள்ளியில் முதல்முறை எழுந்து பாடச் சொன்னபோது, இவன் ஆல்டோவையே மெட்டு என்று நினைத்துக் கணீரென்று பாடினான். வகுப்பே சிரித்தது. ஆசிரியை பெஞ்சு மேல் நிற்க வைத்தார். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தவனைப் பார்த்து அவளும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு குழாயடியில் பக்கத்தில் உட்கார வைத்து மெட்டைச் சொல்லிக் கொடுத்தாள். அவனுக்குப் பிடிபட்டதும், "நிறுத்தாத, அப்படியே போ" என்று சொல்லிவிட்டு, சோப்புக் கையோடு தன் பாகத்தைப் பாடினாள். இரண்டு குரலும் ஒன்றாக எழுந்தபோது அந்த ஏழு வயதுப் பையனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சங்கீதம் என்று அவன் பின்னால் படித்ததெல்லாம் அந்தக் குழாயடியில் தொடங்கியதுதான்.

ஆர்கன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவன் அடம்பிடித்தபோது பழைய ஆர்கன்காரர் இடம் கொடுக்கவில்லை. மூக்கின்மேல் கோபம் வைத்திருந்த மனிதர். "பையன் கை நல்ல கைதான். எனக்குத்தான் பொறுமை இல்ல" என்று கதவைச் சாத்தப் போனார். அவருக்குப் பின்னால் பாடகர் அறையின் அலமாரிகள் அவள் கண்ணில் பட்டன. நூற்றுக்கணக்கான பாட்டுத் தாள்கள் பூச்சி அரித்துக் கிடந்தன. "இதையெல்லாம் நான் சரி பண்ணித் தரேன். நீங்க இவனுக்கு வாரம் ஒரு மணி நேரம் கொடுங்க" என்றாள். ஆறு வருடம், சனிக்கிழமை தவறாமல், அவள் அந்த அறையைக் கூட்டித் துடைத்தாள். கணவர் அச்சகத்திலிருந்து கொண்டுவந்த பசையும் மெல்லிய தாளும் வைத்துக் கிழிந்த பக்கங்களை ஒட்டினாள். பக்கத்து அறையில் மகன் தப்பும் தவறுமாகக் கட்டைகளை அமுக்கிக்கொண்டிருப்பான். அவள் துடைப்பத்தை நிறுத்தி, "அங்க ஒரு சுரம் தப்பு" என்று சுவர் வழியாகக் குரல் கொடுப்பாள். ஆர்கன்காரரே அசந்துபோவார். அப்படி இருந்தது அவள் காது.

பழையவர் போன பிறகு ஆர்கனும் குழுவும் அவன் கைக்கு வந்தன. அதற்குள் அவனுக்குக் கண்ணாடிக் கடை இருந்தது, மனைவி இருந்தாள். அக்கா நர்ஸ் வேலையில் வேறு ஊருக்குப் போய்விட்டாள். மாதம் ஒன்று போனால் ஒன்று வரும், எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதில் கணவர் இறந்தார். மகன் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான்.

அதற்கப்புறம் சின்னச் சின்ன வேடிக்கைகள் நடக்க ஆரம்பித்தன.

"அத்தை, பால் பொங்குது!" என்று மருமகள் உள்ளே இருந்து கத்துவாள்.

"பால்காரரா? அவர் அப்பவே போயிட்டாரே" என்பாள் இவள், அடுப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டு.

வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். "அம்மாவுக்குக் கவனம் எங்கேயோ" என்பான் மகன். வருடத்துக்கு ஒருமுறை அவளைக் கடைக்கு அழைத்துப்போய், நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணைப் பரிசோதித்துப் புதுக் கண்ணாடி மாட்டி அனுப்புவான். அந்த ஊரில் அவள் அளவுக்கு நல்ல கண்ணாடி போட்ட கிழவி கிடையாது. காதைப் பற்றி அவனுக்கு நினைப்பே வரவில்லை.

சபைக்கு நூறு வருடம் நிறைந்தபோது, சுற்றுவட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு பாட்டுப் போட்டி வைத்தார்கள். நம் ஆலயத்திலேயே நடக்கிற போட்டியில் நாமே ஜெயிக்காவிட்டால் மானம் போய்விடும் என்று அவனுக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. புதன்கிழமைப் பயிற்சி, வெள்ளிக்கிழமைப் பயிற்சி என்று ஆளைப் பிழிந்தான். என்ன பிழிந்தும் ஓர் இடத்தில் பாட்டு அரைச் சுரம் இறங்கியது. கட்டையை விட்டு எழுந்து, ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்று காது கொடுத்தான். ஆல்டோ வரிசையில் கடைசி நாற்காலிக்குப் பின்னால் வந்ததும் தெரிந்துவிட்டது. அம்மா.

அவளுக்கு அப்போது அறுபத்தாறு வயது. கண்ணை மூடி, முகமெல்லாம் சந்தோஷமாக, தவறாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம். 'ஏம்மா, என்ன ஆச்சு?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலே போதும், பாதி விஷயம் வெளியே வந்திருக்கும். அவனுக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில், அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குப் பாடகர் குழுவிலிருந்து ஓய்வு என்று ஒரு விதி கொண்டு வந்தான். 'இளைஞர்களுக்கு இடம் தர வேண்டும்' என்றான். கமிட்டி கையைத் தூக்கியது. அந்த விதியில் அம்மாவோடு சேர்த்து நான்கு பேர் வெளியே போனார்கள். அதில் ஒருவர் நாற்பது வருடமாகக் கீழ்க்குரல் பாடிவந்த தபால்காரர். நான்கு பேருக்கும் ஆராதனையில் சட்டம் போட்ட வாழ்த்து மடல் கொடுத்துக் கைதட்டினார்கள். தபால்காரர் மடலைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனவர், மறுபடி ஆலயத்துக்கு வரவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டாள். "எனக்காகத்தானே அவங்களையும் சேத்து நிறுத்தின?"

"சேச்சே, என்னம்மா நீங்க. கமிட்டி முடிவு. நான் என்ன பண்ண முடியும்?"

அவள் அவன் உதட்டையே பார்த்தாள். "சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரொட்டி இன்னொன்னு வைக்கட்டுமா?" என்று கேட்டாள்.

மறுநாள் அவனுடைய மேசைமேல் பாடகர் அங்கி இருந்தது. துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டது. அதன்மேல் ஆல்டோ தாள்கள் நூலால் கட்டியிருந்தன. அவன் பெருமூச்சு விட்டான். பெரிய சண்டை வரும் என்று பயந்திருந்தான். சுலபமாக முடிந்துவிட்டதே என்று அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது அவனுக்கு மற்ற எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

போட்டியில் இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவர்கள் கொடுத்த தாளில், 'கட்டுக்கோப்பு நன்று. ஆல்டோ வலுவில்லை' என்று எழுதியிருந்தது. அவன் அதை யாருக்கும் காட்டவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஆலயத்தில் முதல் பெஞ்சில், ஆர்கனை ஒட்டி உட்கார ஆரம்பித்தாள். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்து, வரிக்கு வரி விரலை ஓட்டுவாள். வாயை மட்டும் திறக்கமாட்டாள். சபையே எழுந்து பாடும், அவளும் எழுந்து நிற்பாள், உதடு அசையாது. வீட்டிலும் பாட்டு நின்றுபோயிருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. நிறுத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சொன்னவள் நிறுத்திவிட்டாள். திரும்பிப் பார்க்க வேண்டியவன் கட்டையிலேயே கண்ணாக இருந்தான்.

முறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அவன் நினைத்தான். ஒரு ஞாயிறு, வீடு திரும்பும் வழியில் வெடித்துவிட்டான்.

"பாட்டு நேரத்துல வாயத் தொறந்தா என்ன கொறஞ்சு போயிடும்? நாலு பேரு என்னைத்தானே தப்பா நினைப்பாங்க!"

"நான் மனசுக்குள்ள பாடறேன்டா" என்றாள் அவள். "அங்க பாடினா யாருக்கும் இடைஞ்சல் இல்ல பாரு."

குத்திக் காட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, வீடு வரும்வரை அவன் பேசவில்லை.

எட்டு வருடம் இப்படிப் போனது. ஒரு விடுமுறைக்கு அக்கா வந்தாள். வந்து அரை நாள் ஆகவில்லை, தம்பியை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"அம்மாவுக்குக் காது கேக்கலடா."

"அவங்களுக்குக் கவனம் பத்தாதுக்கா. வயசாகுதில்ல?"

"நான் பின்னால நின்னு நாலு தடவை கூப்பிட்டேன். திரும்பல. முன்னால வந்ததும் உதட்டப் பாத்துப் பதில் சொல்றாங்க. நீ ஒரே வீட்டுலதானே இருக்க?"

காது மருத்துவமனையில் ஒரு கண்ணாடி அறை இருந்தது. உள்ளே உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முதலில் சரியாகத்தான் அழுத்தினாள். சோதனை செய்த பெண் சந்தேகப்பட்டு எழுந்துபோய், நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஆல்டோம்மா இவ்வளவு நேரமும் அந்தப் பெண்ணின் கை விசையைத் தொடுவதைப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தாள். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. திருப்பி வைத்த பிறகு சிரிப்பு நின்றது. பொத்தானில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, தன் முறை வருவதற்காகக் காத்திருக்கும் பாடகி மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள். சோதனை செய்த பெண் ஒன்றன்பின் ஒன்றாக விசைகளைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். அந்த விரல் அழுத்தவே இல்லை.

டாக்டர் தாளில் பெரிதாக எழுதிக் காட்டிக் கேட்டார்: எத்தனை வருடமாக?

"வலது காது இவங்க அப்பா போனதுல இருந்தே அடைச்ச மாதிரிதான். அப்புறம் இடதும்" என்றாள்.

மகன் மனதுக்குள் கணக்குப் போட்டான். அப்பா போய்ப் பதினாறு வருடம். போட்டி நடந்து எட்டு வருடம்.

"ஏம்மா சொல்லல?" அக்கா அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டாள்.

"சொன்னா கொயர்ல வேண்டாம்னு சொல்லிடுவானோன்னு பயந்தேன்" என்றாள் அவள், தன் திருட்டைத் தானே ஒப்புக்கொள்ளும் குழந்தைபோல. "அவன் வாசிக்கறது கால் வழியா கொஞ்சம் தெரியும். தரை அதிரும் பாரு. அத வச்சே சமாளிச்சிடலாம்னு நினைச்சேன். முடியல."

எட்டு பத்து வருடம் முன்னால் வந்திருந்தால் கருவி நன்றாக உதவியிருக்கும் என்றார் டாக்டர். இப்போது நரம்பே களைத்துவிட்டது; சத்தம் கேட்கும், சொல் பிரியாது. கருவி வாங்கி மாட்டினார்கள். நாலு பேர் முன்னால் மகன் மனம் கோணக் கூடாதே என்று போட்டுக்கொள்வாள். தனியாக இருக்கும்போது கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிடுவாள். "தகரத்த உருட்டற மாதிரி இருக்குடி" என்று மருமகளிடம் மட்டும் சொன்னாளாம்.

காதை வைத்துப் பேர் வாங்கியவன் அவன். ஆர்கனில் ஒரு குழாய் சற்றே பிசகினாலும் ஆளைக் கூப்பிட்டுவிடுவான். ஒரே கூரையின் கீழ் பதினாறு வருடமாக ஒரு காது அடங்கிக்கொண்டிருந்தது அவனுக்குக் கேட்கவில்லை. அன்றே அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும்: அது கமிட்டி முடிவில்லை, நான் பொய் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்று. அவளிடம் எதைச் சொல்வதானாலும் தெருவே கேட்கும்படி கத்த வேண்டும். இல்லாவிட்டால் எழுதிக் காட்ட வேண்டும். கத்த வெட்கம், எழுதப் பயம். நாளை, அடுத்த வாரம், அக்கா வரும்போது என்று தள்ளிப்போட்டே இன்னும் ஏழு வருடம் ஓட்டினான்.

கடைசி மாதங்களில் அவளுக்கு இதயம் தளர்ந்து, கட்டிலோடு ஆகிவிட்டாள். கால் வீங்கியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் மருமகள் கடைக்குப் போயிருந்தாள். அவன் அம்மாவின் காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தான். எங்கிருந்தோ தைரியம் வந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். குனிந்து, அவள் காதருகில் வாயை வைத்து, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"மன்னிச்சிடுங்கம்மா!"

அவள் கண்ணைத் திறந்தாள். அவன் வாய் அவள் காதோரம் இருந்ததால் உதடு தெரியவில்லை.

"மணியா?" என்றாள். "மணி அஞ்சரை இருக்கும்டா. வெயில் சுவத்துல ஏறிடிச்சே. ஏன், பயிற்சிக்கு நேரமாச்சா? போயிட்டு வா, போ. எல்லாரும் காத்திருப்பாங்க."

அன்று புதன்கிழமை. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தரைதான். அவள் முகத்துக்கு நேரே வந்து இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சேர்த்து வைத்த மூச்செல்லாம் அந்த ஒரு கத்தலில் போய்விட்டது. "ஆமாம்மா, அஞ்சரை" என்று தலையாட்டிவிட்டு, தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டுப் பயிற்சிக்குப் போனான். அதற்கு ஒன்பதாம் நாள் அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து பத்தாம் நாள், கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு, தபால்காரர் வீட்டைத் தேடிப்போனான். எண்பத்திரண்டு வயதில் மனிதர் மூக்குக் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் மடித்து வைத்தார்.

"உட்காருங்க மாஸ்டர். அம்மா காரியத்துக்கு வர முடியல. முழங்கால் வலி."

அவன் உட்காரவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னான். அந்த விதி அம்மாவை நிறுத்துவதற்காக அவன் போட்டது, மற்ற மூன்று பேரும் வீணாக அடிபட்டார்கள், தப்பு அவனுடையது.

"தெரியுமே" என்றார் தபால்காரர்.

"யார் சொன்னா?"

"உங்கம்மாதான். அந்த வாரமே வந்தாங்க. 'எனக்குக் காது போச்சு, அதான் என் பிள்ளை வேற வழியில்லாம இப்படிப் பண்ணிட்டான். கோவத்த என் மேல வச்சுக்கங்க, அவன் மேல வேண்டாம்'னாங்க. மத்த ரெண்டு பேரு வீட்டுக்கும் போனாங்க. காது விஷயம் வெளிய தெரிய வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டாங்க. தெரிஞ்சா உங்க மனசு கஷ்டப்படுமாம்."

அப்போதுதான் அவன் உட்கார்ந்தான். அந்த மூன்று வீடுகளிலும் பதினைந்து வருடமாகத் தெரிந்திருந்தது. அவன் வீட்டில்தான் தெரியவில்லை.

"விதிய எடுத்துடறேன்" என்றான் கடைசியில். "நீங்க வாங்க. இந்த ஞாயிறே வாங்க."

"வரமாட்டேன் மாஸ்டர். உங்கம்மா வருந்திக் கூப்பிட்டப்பவே வரல. இப்ப நீங்க கூப்பிட்டா வந்துடுவேனா?" குரலில் கோபம் இல்லை. "கோவம் எல்லாம் எப்பவோ போச்சு. அதோட குரலும் போச்சு. டீ சாப்பிடறீங்களா?"

அவன் டீ குடித்துவிட்டு எழுந்தான்.

புதன்கிழமைப் பயிற்சியில், பாட ஆரம்பிக்கும் முன், அறிவிப்புப் பலகையில் மங்கிக் கிடந்த விதித் தாளை ஊசி பிடுங்கி எடுத்தான். அந்த விதி வந்தபோது பிறந்தே இராத பெண் ஒருத்தி மேல்குரலில் இருந்தாள். "என்ன மாஸ்டர், கமிட்டி மாத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

"கமிட்டி இல்லம்மா" என்றான். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "இது கமிட்டி போட்டதில்ல. நான் போட்டது. எங்கம்மாவ நிறுத்தறதுக்காக. அவங்களுக்குக் காது கேக்காம போயிருந்தது, அது எனக்குத் தெரியல. தெரிஞ்சுக்கவும் பாக்கல."

யாரோ ஒருவர் பக்கங்களைப் புரட்டினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவன் ஆர்கன் முன்னால் போய் உட்கார்ந்தான். கை கட்டைமேல் வரக் கொஞ்ச நேரமாயிற்று.